சாறு அல்ல, தோல்தான்: மென்மையான தோடம்பழ, தேசிக்காய் குக்கீயின் இரகசியம்

(திரையில்: இருண்ட அறையில் ஒரு மெழுகுதிரி. சுடருக்கு அருகே ஒரு கை தோடம்பழத் தோலை மடித்து நெரிக்கிறது. தீப்பொறிகள் பறக்கின்றன.)

வணக்கம் நேயர்களே. இப்போது பளிச்சென்று எரிந்து மறைந்த அந்தப் பொறிகளுக்காக நாங்கள் வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. தோலை நெரித்தபோது தெறித்த எண்ணெய்தான் சுடரில் பட்டு எரிந்தது. அந்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே சேர்மம்தான். பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யட்டும்.

வீட்டில் தோடம்பழ வாசனையோடு மென்மையான குக்கீ சுட முயன்று, சாற்றைத் தாராளமாக ஊற்றியும் வாசனை வராமல், பதமும் கெட்டுப்போய் மனம் தளர்ந்தவர்கள் பலர். அவர்கள் ஊற்றிய சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். மீதி சீனியும் புளிப்பும். நாம் தேடும் மணமோ தோலின் நிறமுள்ள மேற்பரப்பில், கண்ணால் பார்க்கக்கூடிய சிறிய எண்ணெய்ப் பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது.

வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: இமயத்தின் தென்கிழக்கு அடிவாரப் பகுதியில் தோன்றிய இந்தப் பழக் குடும்பத்தில், தோடம்பழம் என்பது பம்பளிமாசும் மண்டரினும் கலந்து உண்டான கலப்பினம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சந்தையில் குவித்து வைத்திருக்கும் பச்சைத் தோல் தோடம்பழங்களைப் பாருங்கள். பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாக வந்து செங்கலடியில் முடியும் ஏ5 நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்குப் பிபிலைத் தோடம்பழத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் "இது இன்னும் பழுக்கவில்லை" என்று பச்சைப் பழத்தை ஒதுக்கிவிட்டு, இறக்குமதியான செம்மஞ்சள் பழத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தோடம்பழத்தின் தோல் செம்மஞ்சளாக மாறுவதற்குக் காரணம் பழுத்தல் மட்டும் அன்று, குளிர்ந்த இரவுகளும் ஆகும். இரவில் குளிர் இறங்கினால் தோலிலுள்ள பச்சையம் சிதைந்து, அதன் கீழே மறைந்திருந்த செம்மஞ்சள் நிறம் வெளிப்படும். நமது தாழ்நிலத்தில் இரவுகளும் வெப்பமாகவே இருப்பதால், உள்ளே சுளை முழுமையாக இனித்த பின்னரும் தோல் பச்சையாகவே நிற்கிறது. வெளிநாடுகளில் பல இடங்களில், நன்கு பழுத்தும் பச்சையாக இருக்கும் பழங்களை எதிலீன் வாயு நிரப்பிய அறையில் வைத்து நிறம் மாற்றித்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். மரத்தில் ஒருமுறை செம்மஞ்சளான வலென்சியா இனப் பழங்கள்கூட, வெயில் காலம் வந்தால் மீண்டும் பச்சையாவது உண்டு. ஆகவே நிறத்தைப் பாராமல், கையில் எடுத்தால் கனமாகவும், நகத்தால் இலேசாகக் கீறினால் மணம் எழும்புவதாகவும் உள்ள பழத்தைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், குக்கீக்குப் பிபிலைப் பழமே சிறந்தது.

(திரையில்: துருவியின் சிறுகண் பக்கத்தில் தேசிக்காய் மெதுவாக உருள்கிறது.)

ஒரு தோடம்பழத்தையும் இரண்டு தேசிக்காய்களையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துருவியின் மிகச் சிறிய கண்களில் மேல்தோலை மட்டும் துருவுங்கள். வெள்ளைப் பகுதி தெரிந்த உடனேயே பழத்தைத் திருப்பிவிட வேண்டும். அதில் வாசனை இல்லை, கசப்பு மட்டுமே உண்டு. துருவலை 100 கிராம் வெள்ளைச் சீனியோடும் 50 கிராம் சிவப்புச் சீனியோடும் சேர்த்து, அம்மியில் அரைப்பதுபோல விரல் நுனிகளால் அழுத்தித் தேயுங்கள். சீனி மணிகளின் கூரிய விளிம்புகள் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பைகளைக் கிழித்துத் திறக்கும். இரண்டு நிமிடங்களில் சீனி ஈரமாகி, இலேசான பச்சை நிறம் ஏறி, அறை முழுவதும் மணக்கத் தொடங்கும். இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள்.

சிவப்புச் சீனியில் எஞ்சியிருக்கும் பாகு ஈரத்தைப் பிடித்து வைப்பதால்தான் குக்கீ மறுநாளும் மென்மையாக இருக்கும். அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணைச் சீனி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். மணி பெரிதாக இருந்தால் கிரைண்டரில் ஒரு சுற்று விடுங்கள்.

அடுத்து 115 கிராம் பட்டர். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சமையலறை வெப்பம் 30 பாகையைத் தாண்டிவிடும் என்பதால், வெளியே நீண்ட நேரம் வைத்த பட்டர் எண்ணெயாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில், விரல் பதியும் அளவுக்கு இளகியதும் வாசனைச் சீனியோடு சேர்த்து அடியுங்கள். லிமோனீன் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும்; ஆகவே அந்த மணத்தைச் சுமப்பது பட்டர்தான். பிறகு ஒரு முட்டையும், ஒரு மேசைக்கரண்டி தேசிச் சாறும், அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

மாக் கலவை எளியது: 225 கிராம் கோதுமை மா, 15 கிராம் கோன்பிளவர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு. அப்பச்சோடா எங்கே என்று கேட்பீர்கள். நான் அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். கால் தேக்கரண்டி அப்பச்சோடா, நாம் ஊற்றிய ஒரு மேசைக்கரண்டி தேசிச் சாற்றிலுள்ள சித்திரிக் அமிலத்தை ஏறத்தாழ முழுவதுமாக நடுநிலையாக்கிவிடும். குக்கீ உப்பி எழும், ஆனால் நாவில் படவேண்டிய அந்த மெல்லிய புளிப்பு காணாமற்போகும். பேக்கிங் பவுடரில் அதற்குரிய அமிலம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால் நமது புளிப்பு தப்பிவிடும். வெள்ளை மா கண்ணுக்குத் தெரியாத கணத்தில் கலப்பதை நிறுத்துங்கள், கூடுதலாகப் பிசைந்தால் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் வலுத்துக் குக்கீ இறுகும். ஒரு மணித்தியாலம் குளிரூட்டி, 28 கிராம் அளவில் உருட்டினால் சுமார் 20 உருண்டைகள் வரும்.

(திரையில்: ஓவன் கண்ணாடி வழியாக வெளிறிய குக்கீகள்.)

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஓவனை 175 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி 10 முதல் 11 நிமிடங்கள் சுட்டதும், குக்கீகள் வெளிறி, நடுப்பகுதி வேகாததுபோல் தோன்றும். அமிலம் பொன்னிறமாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதை அறியாமல், நிறம் வரட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் காத்திருப்பதால்தான் குக்கீ கல்லாகிறது. ஓரம் இறுகி, மேற்பரப்பின் பளபளப்பு மறைந்துவிட்டால் எடுத்துவிடுங்கள்; தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் நடுப்பகுதி பதமாகிவிடும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. லிமோனீன் கொதிக்கும் வெப்பநிலை சுமார் 176 பாகை, நமது ஓவனும் ஏறத்தாழ அதே வெப்பத்தில்தான் இருக்கிறது. ஆயினும் குக்கீயின் உட்பகுதியில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது என்பதால் மணத்தின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. நீராவியோடு வெளியேறும் சிறு பகுதிதான் வீதிவரை மணக்கிறது. கூடுதலாகச் சுடும் ஒவ்வொரு நிமிடமும் குக்கீயில் இருக்கவேண்டிய வாசனையைக் காற்றுக்குக் கொடுக்கிறது.

நன்றாக ஆறிய பின்னர் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். கச்சான் காலத்தில் ஒரு சிறிய பாண் துண்டை உள்ளே வைத்தால் அதன் ஈரம் குக்கீயை மென்மையாக வைத்திருக்கும். மாரி காலத்தில் பாண் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் அது வேண்டாம். நாரத்தங்காய்த் தோலைத் துருவி இதே முறையில் சுட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், எவ்வளவு துருவல் சேர்த்தீர்கள், கசப்பு தெரிந்ததா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த காணொளியில் அதைத்தான் சுடப்போகிறேன்.