கலிப்போலி சிம்ப்சனின் பெருமை கழுதையாலா, கைப்பக்குவத்தாலா?

நடுவர் அவர்களே! முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலிக் கரையில், காயம்பட்ட வீரர்களைக் கழுதையில் ஏற்றிச் சென்ற ஆஸ்திரேலியப் படையின் ஸ்ட்ரெச்சர்காரர் சிம்ப்சன். அவர் பெருமை கைப்பக்குவத்தால்தான் என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "இங்கிலாந்துக்காரர், ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடியவர், ஓசியில் ஊர் போய்ச் சேரலாமென்று 1914-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். கழுதை இல்லாவிட்டால் அவரை யாருக்குத் தெரியும்?" ஓடியது உண்மை. கிர்க்பாட்ரிக் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஜான் சிம்ப்சன் என்று பதிந்துகொண்டதும் உண்மை. ஆனால் ஐயா, கழுதை தானாக வந்தா காயம்பட்டவனை ஏற்றிக்கொண்டது?

ஸ்ட்ரெச்சர் தூக்குவது மூட்டை தூக்குவதல்ல. இருவர் தூக்கினால் கால் சேர்த்து நடக்கவே கூடாது. முன்னவர் இடக்கால் வைத்தால் பின்னவர் வலக்கால். சேர்ந்து வைத்தால் தொட்டிலாக ஆடும், உடைந்த எலும்பு சதைக்குள் குத்தும். மேடு ஏறும்போது காயம்பட்டவரின் தலை முன்னால், இறங்கும்போது கால் முன்னால். கால் எலும்பு முறிந்திருந்தால் மட்டும் இது தலைகீழ். இல்லாவிட்டால் உடம்பின் பாரமெல்லாம் முறிவின் மேலேயே இறங்கும்.

1915 ஏப்ரல் 25-ல் கரையிறங்கிய படைக்கு ஸ்ட்ரெச்சரே பற்றவில்லை. காயம்பட்டவரோடு கப்பலுக்குப் போனது திரும்பி வரவில்லை. ஒருவரைச் சுமக்கக் குறைந்தது இரண்டு பேர் வேறு வேண்டும். சிம்ப்சன் போட்ட கணக்கு இதுதான்: காலில் அடிபட்டு, உட்கார முடிகிறவரைக் கழுதையில் ஏற்றினால் ஒரே ஆள் போதும். வயிற்றில் குண்டு பட்டவருக்கும், நினைவு தப்பியவருக்கும் ஸ்ட்ரெச்சரை விட்டுவிடலாம். யாரை ஏற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவெடுப்பது கழுதையின் வேலையா? தீவனத்துக்கும் வழி கண்டார். தன் பிரிவோடு தங்காமல், கோவேறு கழுதைகள் வைத்திருந்த இந்திய மலைப் பீரங்கிப் படையோடு போய்த் தங்கினார்.

முந்நூறு பேரைக் காப்பாற்றினார் என்பார்கள். மே 19-ல் குண்டடிபட்டு இறக்கும்வரை அவருக்குக் கிடைத்தது 24 நாள். அந்தக் கணக்கை நான் நம்பவில்லை, எங்கள் அணிக்கு அது தேவையுமில்லை.

"போர்க்கள வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ்கூடக் கிடைக்கவில்லையே" என்றார்கள். 2013-ல் விசாரித்த ஆஸ்திரேலியத் தீர்ப்பாயம் வேண்டாம் என்றதற்குக் காரணம், அவருடைய பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய மற்றவர்களின் துணிவும் அதே தரம்தான் என்பது. அந்த மற்றவர்களில் எத்தனை பேரிடம் கழுதை இருந்தது ஐயா?