சாவி யாரிடம் இருக்கிறது?

(பாலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு; அதன் தன்னார்வலர்களுக்கான ஒருநாள் பயிற்சியில், மதிய உணவுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்ட கையோடு ஒருத்தர் பேசுவதைக் கேட்க உட்கார்ந்திருப்பதே ஒரு தொண்டுதான். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘தன்னார்வலர் சோர்ந்து போகாமல் இருப்பது எப்படி’. இந்தத் தலைப்போடு எனக்குச் சின்னச் சண்டை உண்டு. சோர்ந்து போவது ஏதோ உங்கள் தப்பு, நன்றாகத் தூங்கி யோகா செய்தால் சரியாகிவிடும் என்பதுபோல இருக்கிறது. நான் பார்த்தவரை, நல்ல ஆட்கள் பலர் விலகிப் போனதற்குக் காரணம் கூடவே இருந்த எங்களைப் போன்றவர்கள்தான்.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டினோம். மணமகள் அறைதான் ஸ்டோர் ரூம். பாய், போர்வை, பால் பவுடர், நாப்கின் எல்லாம் அங்கே. அதன் சாவி ஒரு நண்பரிடம் இருந்தது. யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. முதல் நாள் பூட்டியவர் அவர், அதனால் அவரிடமே இருந்தது. சாவி இருக்கிறவரிடம்தானே எல்லோரும் வருவார்கள்? கணக்கும் அவரிடம் போனது. லாரி வந்தால் இறக்குவதும் அவர் தலையில். வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியில் போட்ட போன் நம்பரும் அவருடையதுதான்.

அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஏழாம் நாள் மாலை, வரிசையில் வந்த ஒரு பாட்டியம்மா இன்னொரு போர்வை கேட்டார். “நேத்துதானே வாங்கிட்டுப் போனீங்க? எத்தனை தடவை வருவீங்க?” என்று நண்பர் கத்திவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த டோக்கனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் அந்த டோக்கனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? “டீ குடிச்சிட்டு வாங்க, சரியாயிடும்” என்றேன். டீ குடித்துவிட்டு வந்தார். அடுத்த லாரியின் பட்டியலை அவர் கையில் கொடுத்தேன்.

அந்த வேலை முடிந்தபிறகு அவர் எந்தப் பொதுவேலைக்கும் வரவில்லை. 2023 மிக்ஜாம் புயலின்போது, யாரோ அந்தப் பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேதி பார்க்காமல் மறுபடி பரப்பிவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து அவர் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

இதற்கு ‘பர்ன் அவுட்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. ஏதோ ஐ.டி. கம்பெனிக்காரர்களின் வியாதி என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை மனநல எழுத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் மனநல நிபுணர். பகலில் தன் பிராக்டிஸ், மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை ஓர் இலவச கிளினிக்கில் தொண்டு. அங்கே கூட வேலை செய்த தன்னார்வலர்களையும் தன்னையும் பார்த்துத்தான் 1974இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆக, இது நம் வீட்டில் பிறந்த பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், உலக சுகாதார நிறுவனம் இப்போது வைத்திருக்கும் வரையறை, இது வேலை செய்யும் இடம் சம்பந்தப்பட்டது மட்டும் என்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவருக்கு லீவு உண்டு, ராஜினாமாக் கடிதம் உண்டு. தொண்டு செய்கிறவர் யாரிடம் லீவு கேட்பார்? “ஒரு மாதம் வரமாட்டேன்” என்று சொல்லவே கூச்சம். அதனால் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள்.

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். மனம் வற்றிப்போவது ஒன்று. நாம் செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தோன்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் ‘கேஸ்’ ஆகத் தெரிவது. அந்தப் போர்வை வரிசையில் நடந்தது அதுதான். அழுகிறவரை நாம் கவனித்துவிடுவோம். எரிந்து விழுகிறவரை “திமிர் வந்துடுச்சு” என்று சொல்லிவிடுவோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

சரி, என்ன செய்வது? லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், 1953இல் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காக ஒரு தொலைபேசி வைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ். அவரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும்போது, உதவிக்கு வந்தவர்கள் டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். அவர்களிடம் பேசியதே போதும் என்று பலர் பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பினார்கள். வேறொருவராக இருந்தால் மனம் சுருங்கியிருக்கும். அவர் சில மாதங்களிலேயே, 1954 பிப்ரவரியில், அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் தன்னார்வலர், அன்றைய பொறுப்பாளரிடம் கேட்டதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் ஊர் ஊராகப் பாலியேட்டிவ் கேர் தொடங்கியபோது, தன்னார்வலர்களிடம் அவர்கள் கேட்டது வாரத்துக்கு 2 மணி நேரம். வாழ்க்கையையே அர்ப்பணிக்கச் சொல்லவில்லை. 2 மணி நேரம் என்றால் ஆட்டோ ஓட்டுகிறவரும் வருவார், காலேஜ் பிள்ளையும் வரும். ‘முழுமூச்சாக’ என்று நாம் மேடையில் பேசினால், முழுமூச்சு உள்ள நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த நாலு பேரையும் இரண்டே வருடத்தில் தீர்த்துவிடுவோம்.

உங்கள் வேலையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் பார்த்துக்கொள்கிறவர்களில் பலர் இறந்துபோவார்கள். ஆறு மாதம் கால் அமுக்கி, கஞ்சி ஊட்டி, பேரன் கதையெல்லாம் கேட்டிருப்பீர்கள். ஒருநாள் போனால் வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். மறுநாளே உங்கள் கையில் அடுத்த முகவரியைக் கொடுப்பது கொடுமை. கொடுத்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் பெட்ரோல் காசு. கேட்கக் கூச்சப்படுவீர்கள். சொந்தக் காசில் வண்டி ஓட்டுவது மூன்றாம் மாதம் வீட்டில் சண்டையாகும். நாலாம் மாதம், “இந்த நேரத்துல எதுக்கு அங்க போறீங்க?” என்று கேள்வி வரும். ரசீதை எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு அட்டவணை உங்களிடம் சுற்றி வரும். பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் இருக்கிறது. எந்தக் கிழமை, எதுவரை, வராத நாளில் பதில் ஆள் யார். ‘எதுவரை’ கட்டத்தைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். மருந்துப் பெட்டி இருக்கும் அறைக்கு மூன்று சாவி செய்யக் கொடுத்திருக்கிறோம். யாரிடம் இருந்தாலும் மூன்று மாதத்தில் கை மாறும். என் பெயர் மார்ச் வரைதான். ஏப்ரலில் தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி நான்தான், அதனால் யாரும் போன் செய்ய வேண்டாம்.

பேனா எழுதவில்லை என்றால் கை தூக்குங்கள்.