மார்புக்குள் என்ன வைக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். செய்துகொள்ளலாமா, கூடாதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. ஆனால் எத்தனை சிசி (எவ்வளவு பெரியது) வைக்கலாம், தழும்பு வெளியே தெரியுமா என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். வைக்கப்போகும் இம்ப்ளான்ட், அதாவது சிலிக்கோனோ உப்புநீரோ நிரப்பிய பை, எந்தக் கம்பெனியுடையது, அதன் மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா? என்னைக் கேட்டால் முதல் கேள்வியே இதுதான்.

காரணம் இருக்கிறது. பிரான்சில் பிஐபி என்று ஒரு கம்பெனி இருந்தது. மருத்துவத்துக்கு அனுமதி இல்லாத, தொழிற்சாலைத் தரத்து சிலிக்கோனை நிரப்பி இம்ப்ளான்ட் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2010-இல் குட்டு உடைந்தது. அதற்குள் பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களுக்கு அதை வைத்தாயிற்று. கம்பெனியை ஆரம்பித்த ஜான் குளோட் மாஸுக்கு 2013-இல் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். சரி, அவருக்குத் தண்டனை கிடைத்தது. தனக்குள் இருப்பது பிஐபியா இல்லையா என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத பெண் என்ன செய்வாள்?

இன்னொன்று, அலர்கன் என்ற பெரிய கம்பெனியின் பயோசெல் இம்ப்ளான்ட். இதில் யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை, முறையாக அனுமதி வாங்கிய பொருள். மேற்பரப்பு சொரசொரப்பானது. இப்படிப்பட்ட இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசுவில் அரிதாக ஒரு வகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வருகிறது. மார்பகப் புற்றுநோய் வேறு, இது வேறு. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டதால் 2019 ஜூலையில் உலகம் முழுக்க பயோசெல்லைத் திரும்பப் பெற்றார்கள். ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்துத் திடீரென்று ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கினால் சும்மா இருக்காதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், இம்ப்ளான்டையும் அதைச் சுற்றியுள்ள தழும்புத் திசு உறையையும் எடுத்தாலே பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது.

அந்த உறை எல்லாருக்கும் உண்டாவதுதான். வெளிப்பொருள் உள்ளே வந்தால் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடும். சிலருக்கு அந்தச் சுவர் இறுகி, மார்பு கல்லாகி, வலிக்கும். மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வரும் பொருள் இல்லை. உப்புநீர் நிரப்பியது கிழிந்தால் மார்பு சப்பையாகிவிடும், உடனே தெரியும். சிலிக்கோன் கிழிந்தால் பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது. அதனால்தான் 5, 6 வருடத்தில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், அதன் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்று எஃப்டிஏ சொல்கிறது. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். இம்ப்ளான்ட் வைத்த பிறகு மூட்டு வலி, தீராத களைப்பு என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். இம்ப்ளான்டால்தான் வந்தது என்று உறுதிப்படுத்த ஒரு டெஸ்ட் கிடையாது. ஆனாலும் 2021-இல் எஃப்டிஏ கட்டாயமாக்கிய எச்சரிக்கையில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. "எல்லாம் மனப்பிரமை" என்று தட்டிக்கழிக்கும் டாக்டரிடம் நான் போக மாட்டேன்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முலைக்காம்பைச் சுற்றி வெட்டினால் பால் குழாய்களும் நரம்பும் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம், மார்புக்கு அடியில் உள்ள மடிப்பில் வெட்டுவது அந்த வகையில் மேல். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும், கூடுதல் கோணங்களில் எடுப்பார்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் சில வாரங்கள் முன்பே விட்டாக வேண்டும், இல்லையென்றால் காயம் சரியாக ஆறாமல் போகலாம்.

அப்புறம் டாக்டர். பெயர்ப்பலகையில் "காஸ்மெட்டிக்" என்று இருந்தால் போதாது. நம் ஊரில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரா என்று பாருங்கள். மயக்க மருந்து யார் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஃபிரிட்ஜ் வாங்கினால் வாரண்டி கார்டைப் பீரோவில் பூட்டிவைக்கிறோம் இல்லையா? இம்ப்ளான்டுக்கும் கார்டு உண்டு. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அதை வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

அழகுக்காகச் செய்தால் இங்கே மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பதற்குத்தான் விதிவிலக்கு. ஆகவே வைப்பதற்கு எவ்வளவு என்று கேட்கிற அன்றைக்கே, எடுப்பதற்கு எவ்வளவு என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.