21 நாள் கணக்கு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பால் விலையைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொழுப்பு குறைவு, கொழுப்பல்லாத இதரச் சத்து குறைவு என்று பால் சங்கத்தில் பிடிக்கிற காசைப் பற்றி நாம் புலம்பாத நாள் இல்லை. புலம்ப வேண்டியதுதான். ஆனால் சங்கத்துக்குப் போகுமுன்பே நம் தொழுவத்தில் ஒரு நஷ்டம் நடக்கிறது. காலத்தில் சினை பிடிக்காத மாடு.

பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று ஈன்று இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சினை நின்றால் வருஷத்துக்கு ஒரு கன்று. மாடு சினை பிடிக்கிற பருவம் 21 நாளுக்கு ஒருமுறை. இரண்டு பருவத்தைக் கோட்டை விட்டால் 42 நாள் போச்சு. அடுத்த ஈற்று தள்ளிப்போகும், கறவை இறங்கிக்கொண்டே வரும். புண்ணாக்குச் செலவு மட்டும் இறங்காது.

பருவம் வந்தால் தெரியாதா என்பீர்கள். கலப்பினப் பசு கத்தும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், பால் குறையும். எருமை அப்படியில்லை, கோடையில் சத்தமே காட்டாது. வாலுக்கடியில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி காணும் ஒழுக்கும், படுத்து எழுந்த இடத்தில் காணும் பிசுபிசுப்பும்தான் அடையாளம். சாணி அள்ளப் போகிறவர் கண்ணுக்குத்தான் அது படும்.

விடியுமுன் சாணி அள்ளுவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுகிறவரின் நம்பரோ வீட்டுக்காரர் போனில். அவர் பாலை ஊற்றிவிட்டு, டீக்கடையில் நாட்டு நடப்பை அலசிவிட்டு வரும்வரை சேதி காத்திருக்கும். (சிரிக்காதீர்கள், முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துவிட்டார்கள்.) பருவம் நிற்பது 12 முதல் 18 மணி நேரம். காலையில் தெரிந்தால் அன்று சாயங்காலம் ஊசி. சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. அவ்வளவுதான் அவகாசம்.

அதனால் அந்த நம்பர் அம்மா கையில் இருக்கட்டும். மாடு கத்திய தேதியைத் தினசரி காலண்டரில் அவரே சுழிக்கட்டும். ஊசி போட்ட 21ஆம் நாளை ஒட்டி மறுபடி பாருங்கள். கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று முடிவு கட்டாமல், மூன்று மாதத்தில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. காலை எட்டு மணிக்குக் கூட்டம் போட்டால் ஆண்கள்தான் வருவார்கள். மதியம் பன்னிரண்டுக்கு வையுங்கள், மூன்று மணிக்குக் கறவைக்கு விட்டுவிடுங்கள்.