பதினொரு பேரும் ஒன்பது பேரும்

நேயர்களுக்கு வணக்கம். "டாக்டர், மாரடைப்பு வராமலிருக்க தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்களுக்கு ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்திருக்கிறதா? அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், வைத்திருக்கிறார்களா?

ஆம் என்றால் பேச்சே வேறு. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகித்துச் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு மாதம் ஆஸ்பிரின் சாப்பிட்டார்கள். இதய, ரத்தநாள மரணங்கள் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தன. அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து.

இதுவரை எதுவும் வராதவருக்கு? பிரிட்டனில், இதயநோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தவர்கள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5ஆகக் குறைந்தார்கள். கடுமையான ரத்தக்கசிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1ஆக ஏறியது. ஆயிரம் பேராக எண்ணிப் பாருங்கள். பதினொரு பேர் தப்பினார்கள், கூடுதலாக ஒன்பது பேருக்கு ரத்தம் கசிந்தது. அந்த ஒன்பது பேரும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்றுதானே மாத்திரையைத் தொட்டார்கள்? அதுதான் என்னை உறுத்துகிறது.

ஏன் இப்படி? இதயக் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியும், இரைப்பைப் புண்ணை மூடும் ரத்தக்கட்டியும் ரத்தத்தை உறைய வைக்கும் சிறு அணுக்களான அதே தட்டணுக்களால் ஆனவை. ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க, அதாவது சுமார் பத்து நாள், சரியாக ஒட்டாது. எந்த இடத்தில் ஒட்ட வேண்டும், எங்கே கூடாது என்று மாத்திரைக்குத் தெரியாது. போதாததற்கு, இரைப்பைச் சுவரின் பாதுகாப்பையும் அது குறைக்கிறது.

வயது கூடக்கூட கசிவு அபாயமும் கூடும். அதனால்தான் 2022இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் முதல் மாரடைப்பைத் தடுக்கவென்று ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. 40 முதல் 59 வரை, அபாயம் அதிகமுள்ளவர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம்.

சரி, இதைக் கேட்டுவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர் யாரும் இன்றைய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். எதுவும் வராமலே பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "இது எனக்கு இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். நடுவில் மலம் தார் போலக் கறுத்துப் போனால் மட்டும் அந்தச் சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளமாக அது இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.