அத்தியாயத்துக்கு 49 வினாடி

நடுவருக்கு வணக்கம். சபைக்கு வணக்கம். எதிரணிக்கும் ஒண்டு கிடக்கு, போகப்போகத் தாறன்.

தலைப்பு தெரியும்தானே. நாவலிலிருந்து வந்த நாடகத்தை விமர்சகர் எதால அளக்க வேணும், மூலக்கதையாலயா, மேடையாலயா? நாங்கள் மேடை. எதிரணி 'பொன்னியின் செல்வ'னைத் தூக்கிக்கொண்டு வந்தது, நானும் அதிலேயே நிக்கிறன். கல்கி 1950இலிருந்து 1954வரை வாராவாரம் எழுதின சோழர் குடும்பக் கதை. அஞ்சு பாகம், 293 அத்தியாயம். 1999இல சென்னையில மேஜிக் லாண்டர்ன் குழு மேடையேற்றிச்சுது. நாடகப் பிரதி குமரவேல், நெறியாள்கை பிரவீன். 2014இல திரும்பவும் போட்டவை. நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடின நாடகம்.

கணக்குப் பாருங்கோ. 240 நிமிசத்தை 293ஆல பிரிச்சால் அத்தியாயத்துக்கு 49 வினாடி. வந்தியத்தேவன் குதிரையால இறங்கவே காணாது! "அது விடுபட்டுப் போச்சு, இது விடுபட்டுப் போச்சு" எண்டு எதிரணி வாசிச்சுக் காட்டின பட்டியலெல்லாம் இந்த வகுத்தல் கணக்குத்தான். விடுபட்டது என்னெண்டு சொல்ல வீட்டிலயிருந்து புத்தகத்தைப் புரட்டினால் போதும். மிச்சம் மேடையில நிண்டுதோ எண்டு சொல்லத்தான் ரிக்கற் எடுக்க வேணும்.

இனி, ஆனையிறவு தாண்டி எங்கடை வன்னிக்கு வந்த எதிரணித் தம்பியிட்ட வருவம். என்ன சொன்னவர்? "வன்னிச் சனம் நித்திரை கொண்டு கூத்துப் பாத்த சனம். அவைக்கு எதை வெட்டினாலும் தெரியாது." உங்களிலயும் சில பேர் கைதட்டினியள். பாத்தனான்.

ஓம் தம்பி, நித்திரை கொள்ளுவம்! விடிய விடிய ஆடுற காத்தவராயன் கூத்துக்குப் பாயோடதான் போறது. முன்னுக்குப் பாய் விரிச்ச ஒரு ஆச்சியை நினைச்சுக் கொள்ளுங்கோ. பத்து மணிக்குக் கூத்துத் தொடங்குது, பத்தரைக்கு ஆச்சி குறட்டை. ஒரு மணிக்கு முழிக்கிறா. "ஆரடா மோனை உது?" பேரன் சொல்லுறான், "காத்தானணை." "நான் படுக்கேக்க கட்டையன், இப்ப நெடுவலா நிக்கிறான்?" "அது பாலக் காத்தானணை. இது ஆதிக் காத்தான்." ஆச்சி திரும்பச் சரியிறா. மூண்டு மணிக்கு ஒரு கண்ணை மட்டும் திறக்கிறா. "உவன் ஆர், தொந்தியோட?" "உதுவும் காத்தான்தானணை, நடுக் காத்தான்!" ஆச்சி எழும்பியே இருந்திட்டா. "விடியிறதுக்குள்ள முத்துமாரி இன்னும் எத்தினை காத்தானைப் பெறப்போறாளடா?"

சிரிச்சு முடியுங்கோ. ஆனா ஒண்டைக் கவனிச்சியளோ? ஆச்சி ஆளைத்தான் கேட்டவ. கதையை ஒருக்காவும் கேக்கேல்லை.

ஏன்? ஒரே காத்தானை ஆடுற ஆள் மாறும், மெட்டு மாறாது. வாறவன் வரவுப் பாட்டிலயே தான் ஆரெண்டு சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை. அவன் பாடின அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவினம். முதல்தரம் கொட்டாவி விட்டவனுக்கு இரண்டாம்தரம் கேக்கும். நித்திரையையும் கணக்கில எடுத்துக் கட்டின கலை தம்பி இது! கூத்துப் பழக்கிற அண்ணாவிமார் மடையரில்லை.

இதைத்தான் நாவலை நாடகமாக்கிறவையிட்ட விமர்சகர் கேக்க வேணும். கல்கி ஒரு பந்தி எழுதி ஒரு ஆளை அறிமுகப்படுத்துவார். பிரதி எழுதிறவர் அந்தப் பந்தியைத் தூக்கி ஒரு பாத்திரத்தின்ரை வாயில வைச்சால் என்ன நடக்கும்? அக்காளும் தம்பியும் நிண்டு தங்கடை தாத்தா பேரை ஒருத்தருக்கொருத்தர் சொல்லுவினம். முதல் இருபது நிமிசம் குடும்ப அட்டை வாசிப்பு. அங்கதான் நாடகம் சாகிறது, வெட்டினதால இல்லை.

பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் எண்டு இரண்டு பேர். பின்வரிசைக்கு முகம் தெரியாது. நடை, குரல், உடுப்பு நிறம் மூண்டிலயும் ஆளைப் பிரிக்காட்டி, ஆர் ஆருக்குத் தமையன் எண்டு சனம் பக்கத்துக் கதிரையைக் கேக்கும். நந்தினிக்கும் மந்தாகினிக்கும் ஒரே முகச்சாயல் எண்டு கல்கி எழுதிப்போட்டுப் போயிடுவார், ஒப்பனைக்காரருக்கெல்லோ தலையிடி! ஒருத்தியையே இரண்டுக்கும் போட்டால், அவ உடுப்பு மாத்தத் தோதா நடுவில வேறை ஆக்கள் காட்சி ஒண்டு வைக்க வேணும். அந்தக் காட்சி ஏன் வந்தது எண்டு மூலக்கதையைப் பிடிச்சிருக்கிற விமர்சகருக்கு விளங்காது. காட்சி மாத்த ஒவ்வொருக்காவும் ஒரு நிமிசம் திரையை மூடினால், நாப்பது காட்சிக்கு நாப்பது நிமிசம். 240இல ஆறில ஒரு பங்கு திரைச்சீலை பாக்கிறது! கூத்தில களரியை ஒருக்காச் சுத்தி வந்தால் ஊர் மாறீடும்.

மந்தாகினி எண்டு சொல்லிப்போட்டன், விடமாட்டன். இரண்டாம் பாகத்தில கதை எங்கடை ஈழத்துக்கு வருது. அங்கதான் அந்த வாய் பேசாத மனிசி, தான் பெறாத பிள்ளை அருள்மொழியைக் காவல் காத்துத் திரியிறா. கடைசியில சுந்தர சோழருக்கு எறிஞ்ச வேலைத் தன்ரை உடம்பில வாங்கிக் கொண்டு சாகிறா. அவவின்ரை மனதைச் சொல்லக் கல்கிக்குப் பக்கம் பக்கமா இடம் இருந்தது. மேடையில நடிக்கிறவவுக்கு இருக்கிறது இரண்டு கையும் கண்ணும். பிரதியில அவவுக்கு ஒரு வரி வசனமில்லை. எந்த வரியை வைச்சு ஒப்பிடப் போறியள்?

வாய் பேசாமல் நிக்கிற தாயைப் பாக்க வன்னிச் சனம் சென்னைக்குப் போகத் தேவையில்லை. 2017 பெப்ரவரியில கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ரை படத்தோட வந்து குந்தின தாய்மாரை நீங்கள் எல்லாரும் கண்டனீங்கள். அதில எத்தினை பேர் மறுமொழி கிடைக்காமலே கண்ணை மூடிட்டினம். அப்பிடி ஒருத்தி மேடையில ஒரு உயிருக்குக் குறுக்க வந்து நிக்கேக்க, இந்தச் சபையில ஆரும் "இது எத்தினையாம் அத்தியாயம்?" எண்டு கேப்பினமோ? தம்பி, நீங்கள் கேப்பியளோ?

"இதில தருக்கம் எங்கை?" எண்டு தம்பி எழுதிறது இங்கையிருந்தே தெரியுது. எழுதட்டும். மணியும் அடிச்சாச்சு. வணக்கம்.