சண்டை போட ஓர் ஆள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், நான் பேசுவதற்கு முன்பே ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிரிக்பீல்ட்சில் கார் நிறுத்த இடம் கண்டுபிடித்து இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். இடம் கண்டுபிடித்த திறமைக்கே உங்களுக்குத் தனியாக ஒரு மாலை போடலாம்.

இன்றைய தலைப்பு: 'இணையத்தில் சேர்ந்த தொலைக்காட்சித் தொடர் ரசிகர்கள் வார இறுதியில் ஒன்றுகூடுவது உறவை வளர்க்கிறதா, பணத்தையும் பொழுதையும் தின்கிறதா?' தின்கிறது என்று எதிரணித் தலைவர் அண்ணன் முழங்கினார். தொடரே அழுகை, அந்த அழுகைக்கு ஒரு மாநாடா என்று கேட்டார். நாள் முழுவதும் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், பேசிக் களைத்தவர்களுக்கு நேரில் பேச என்ன மிச்சம் இருக்கிறது என்றார். வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பியடித்த பழக்கம் என்றும் சொன்னார். அவருக்குப் பிறகு வந்த ஆசிரியை, முகம் தெரியாதவர்களை நம்பி ஊர்விட்டு ஊர் போகலாமா என்று நம்மைப் பயமுறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே தலைப்பைக் கொடுத்திருந்தால் நானும் அந்தப் பக்க நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது ஒரு மைவி காரும் அதற்குள் ஏறிய மூன்று அம்மாக்களும்.

2020 மார்ச் 18. கொரோனாவுக்காக மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். நான் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பள்ளி இல்லை, வேன் இல்லை, வருமானம் இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும் எழுபதைத் தாண்டிய என் அம்மாவும். அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. அந்த நேரத்தில்தான் சன் டிவி 'மெட்டி ஒலி'யை மறுபடியும் ஒளிபரப்பியது. 2002 முதல் 2005 வரை வந்த தொடர். திருமுருகன் இயக்கியது. சிதம்பரம் என்ற தகப்பனுக்கு ஐந்து பெண்கள். அவர்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவர் படுகிற பாடுதான் கதை. முதல் முறை வந்தபோது என் அம்மா, விடுபட்ட பகுதிகளை வீடியோ கடையில் வி.சி.டி. வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர். இரண்டாம் முறை முழுதாக உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு தம்பி அந்தத் தொடருக்காகப் புலனத்தில் ஒரு குழு தொடங்க, என் மனைவி அதில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் வீட்டில் சோற்றுக்குக் கூப்பிட்டால் பதில் வராது. 'சிதம்பரம்' என்று சொன்னால் மட்டும் வரும்.

இங்கே எதிரணி அண்ணனுக்கு ஒரு கேள்வி. தொடர் பார்ப்பது தனியாளின் வேலை என்று எப்போதிலிருந்து ஆயிற்று? இந்த நாட்டில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28இல். அது ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயிற்று. வந்தபோது லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஒரு பெட்டி, சில தோட்டங்களில் தோட்டத்துக்கே ஒரு பெட்டி. என் அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்தில் அது தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டில் இருந்தது. வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம். கிராணி வீட்டு வாசலில் பாயை விரித்து நாற்பது ஐம்பது பேர் உட்காருவார்கள். படம் முடிந்த பிறகுதான் அசல் படமே தொடங்கும். கதாநாயகி செய்தது சரியா தவறா என்று லயம் திரும்பும்வரை சண்டை, மறுநாள் விடிகாலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் அதே சண்டை. பிறகு தோட்டத்தை விற்றார்கள். வீடு கட்டுகிற நிறுவனம் வந்தது, லயம் போனது, சனங்கள் ஆளுக்கொரு அடுக்குமாடிக்குச் சிதறினார்கள். இப்போது வீட்டுக்கு இரண்டு தொலைக்காட்சி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து 'அவள் செய்தது தப்பு' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் இருந்தேனே என்று கேட்பீர்கள். அம்மா எதைச் சொன்னாலும் 'சரிம்மா' என்பேன். இருபது ஆண்டுகளாக என் அம்மாவுக்குச் சண்டை போட ஓர் ஆள் இல்லாமல் போயிற்று, ஐயா. அது எனக்குத் தெரியவே இல்லை.

2021 அக்டோபர் 11இல் மாநில எல்லை தாண்ட அனுமதி கிடைத்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு செய்தி. அந்தத் தொடரில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி காலமாகிவிட்டார். நாற்பதை ஒட்டிய வயது. என் அம்மா அன்று உலை வைக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. சொந்தத் தம்பி செத்தபோதுகூட இப்படி உட்காரவில்லையே என்று நினைத்தேன். சொந்தத் தம்பி செத்தபோது போய் அழுவதற்கு ஒரு வீடு இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. இந்தச் சாவுக்கு எந்த வீட்டில் போய்த் துக்கம் விசாரிப்பது? அன்று இரவு அந்தக் குழுவில் ஓர் அம்மா எழுதினார்: 'நாம் ஒருநாள் நேரில் உட்கார்ந்து அழலாமா?' அந்தக் குழு பிறகு பினாங்கில் கூடிய சந்திப்பின் தொடக்கம் அந்த ஒரு வரிதான்.

வெள்ளைக்காரன் பழக்கம் என்றீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். 'ஸ்டார் டிரெக்' என்று ஓர் அமெரிக்கத் தொடர். 1967-68இல் அதை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் டிரிம்பிள் என்ற ஒரு கணவன் மனைவி தலையெடுத்து, ரசிகர்களைக் கொண்டு என்.பி.சி. நிறுவனத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதவைத்தார்கள். தொடர் இன்னும் ஒரு பருவம் ஓடியது. 1969இல் நின்றேவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் ரசிகர்கள் கூடினார்கள், அதுவும் ஒரு வார இறுதிதான். சில நூறு பேர் வருவார்கள் என்று நாற்காலி போட்டார்கள், வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1976இல் இதே ரசிகர்கள் எழுதிய கடிதங்களால் அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு, அந்தத் தொடரில் வருகிற கப்பலின் பெயரான 'என்டர்பிரைஸ்' சூட்டப்பட்டது. பொழுதைத் தின்கிறவர்கள் செய்த வேலை இது, அண்ணே. நாம் விண்ணோடம் கேட்கவில்லை. பினாங்கில் பத்து அறைதான் கேட்டோம்.

நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. கோ. சாரங்கபாணி நடத்திய சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசில் 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்று ஒரு பகுதி வந்தது. பிள்ளைகள் எழுதிப்போட்டார்கள். தாளில் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டவர்கள் பிறகு ஊர் ஊராக மணிமன்றம் அமைத்து நேரில் கூடினார்கள். மலாயா முழுவதும் பரவியது அது. நம் தாத்தா பாட்டிகள் தாளில் தொடங்கினார்கள், இவர்கள் கைப்பேசியில் தொடங்கினார்கள்.

முகம் தெரியாதவர்கள் என்ற ஆசிரியையின் பயம் நியாயமானது. அதை நான் மறுக்கப்போவதில்லை. குழுவில் முன்பின் தெரியாத ஒருவர் பணம் கேட்டுப் பேசியதும் நடந்தது. அதற்குப் பிறகுதான் புதிதாக வருகிறவரிடம் இரண்டு பேராவது காணொளியில் பேசிப் பார்க்க வேண்டும், வசூலித்த ஒவ்வொரு வெள்ளிக்கும், அதாவது ரிங்கிட்டுக்கும், கணக்கைக் குழுவில் போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மாதம் பத்து வெள்ளி. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பாட்டாளிகளின் மகள்கள் இவர்கள். சேர்த்து வைக்கத் தெரியாதா?

சரி, பயணத்துக்கு வருகிறேன். அம்மாவும் காப்பாரிலிருந்து ஓர் அம்மாவும் கோலசிலாங்கூரிலிருந்து ஓர் அம்மாவும் என் மைவியில். மற்றவர்கள் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினார்கள். இறக்கிவிட்டுவிட்டு அறையில் இரண்டு நாள் தூங்கலாம் என்பது என் திட்டம். பட்டர்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் அக்கரை போனோம். பாலம் இருக்கும்போது எதற்கு ஃபெர்ரி என்றேன். 'ஃபெர்ரியில் போனால்தான் பினாங்கு' என்றார் காப்பார் அம்மா. அதற்கு மேல் வாதமே இல்லை.

விடுதியில் பத்து அறைக்கு முன்பணம் கட்டியிருந்தோம். போய் நின்றால் ஏழு அறைதான். எந்த விடுதி என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். எதிரணி இதைக் கேட்டால் 'பார்த்தீர்களா பணம் போயிற்று' என்று துள்ளும். துள்ளட்டும். முப்பத்தைந்து பேர் ஏழு அறையில். கட்டிலில் இருவர், தரையில் மூவர். என் தூக்கம் அங்கேயே ஃபெர்ரி ஏறிப் போய்விட்டது. ஆனால் அம்மாக்கள் பாயை விரித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கிராணி வீட்டு வாசலை நான் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மறுநாள் காலையில் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். 1833இல் கட்டியது. அங்கே விஜிக்காக, அதாவது உமா மகேஸ்வரிக்காக, ஓர் அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. சுவாமி பெயருக்கே செய்யுங்கள் என்றார்கள். லெபு பாசாரில் சேலைக்கடைகளைக் கணக்குத் தீர்த்துவிட்டு விடுதி மண்டபத்தில் கூடினோம். முதலில் கேள்வி பதில் போட்டி, அதில் கோலசிலாங்கூர் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மதியம் மூன்று மணிக்கு வந்தது ஐயா சண்டை.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வந்திருந்தார். சிதம்பரம் நல்ல தகப்பனே இல்லை என்றார். மாமியார் வீட்டில் ஒரு பெண் கண்ணீர்விட்ட அன்றைக்கே போய் அழைத்து வந்திருக்க வேண்டாமா, பொறுமை என்ற பெயரில் பெண்களைப் பலிகொடுத்தவர் என்றார். என் அம்மா எழுந்துவிட்டார். ஒன்பதாவது மாடியில் மின்தூக்கி கெட்டுப்போனால்கூடக் குரல் உயர்த்தாத அம்மா. 'அழைத்து வந்து எங்கே வைப்பது?' என்று கேட்டார். 'லயத்தில் ஓர் அறை. அதில் எட்டுப் பேர். அழைத்து வந்து எங்கே வைப்பது, சொல்லுங்கள் டீச்சர்!'

ஆசிரியையும் விடவில்லை. 'தரையில் வையுங்கள். நேற்று ராத்திரி நாம் ஐந்து பேர் ஓர் அறையில் படுக்கவில்லையா?' என்றார்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. அம்மா நின்றபடியே பேசினார். ஒருநாள் விடிகாலையில் என் அக்கா முகம் வீங்கி வந்து நின்றதையும், கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸில் அவளைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னார். ஐயா, நான் அப்போது அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறேன். பத்து வயது. எனக்கு இது தெரியாது. நான்கு சுவருக்குள் நாற்பது ஆண்டுகளாக என்னிடம் சொல்லாததை, முந்தின நாள்தான் முகம் பார்த்த ஒருவரிடம், சண்டைக்கு நடுவில், என் அம்மா சொன்னார். சிதம்பரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற சாக்கு இல்லாமல் போயிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

இப்போது, புலனம் போதாதா என்று கேட்ட அண்ணனுக்குப் பதில். இந்தச் சண்டை புலனத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் எல்லாருக்கும் தெரியும். சாம்பல் எழுத்தில் ஒரு வரி வரும்: 'குழுவிலிருந்து வெளியேறினார்.' அத்துடன் முடிந்தது. பினாங்கில் எங்கே வெளியேறுவது? ரயில் மறுநாள்தான். அறை ஒன்றுதான். அன்று இரவு நாசி கண்டார் கடையில் இரண்டு பேரும் மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள், பேசவில்லை. ஆனால் படுக்கப் போனது அதே அறைக்கு. மறுநாள் காலை பசியாறும்போது ஆசிரியை தட்டோடு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, 'உங்கள் இட்லி ஆறிவிட்டது, வேறு வாங்கி வரட்டுமா?' என்றார். 'நான் இன்னும் சிதம்பரத்தின் பக்கம்தான்' என்றார் அம்மா. 'நானும் மாறவில்லை. சட்னி வேண்டுமா?' என்றார் ஆசிரியை.

காப்பியக் காலம் தொட்டுப் பட்டிமண்டபம் வைத்திருக்கிற கூட்டம் நாம். இதோ, நானும் எதிரணி அண்ணனும் ஒரு மணி நேரமாக அடித்துக்கொள்கிறோம். முடிந்ததும் கீழே போய் ஒரே கடையில் தே தாரிக் குடிக்கப்போகிறோம், அதுவும் அவர் செலவில். இதை வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் செய்திருக்கலாமே, அண்ணே? பெட்ரோல் செலவழித்து ஏன் வந்தீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. ஒரு நிமிடம்.

திரும்பி வரும்போது தாப்பா ஓய்வுப்பகுதியில் நிறுத்தினேன். பின்னால் இரண்டு அம்மாக்களும் தூக்கம். அம்மா கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டி, 'அக்காவைக் கூப்பிட்டுக் கொடு' என்றார். கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு நான் காப்பி வாங்கப் போனேன். வாங்கிய காப்பியோடு அங்கேயே மரத்தடியில் நின்றேன். காருக்குள் அம்மாவின் கை மட்டும் ஆடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. காப்பி ஆறி, இன்னொன்று வாங்கி, அதுவும் ஆறியபிறகுதான் அந்தக் கை நின்றது.

வணக்கம்.